போவதற்கு முன்பே போய்வந்தோம்

எங்கள் பள்ளியில் கல்விச் சுற்றுலாக் கட்டுரையைச் சுற்றுலாவுக்கு முன்பே எழுதி முடித்துவிடுவோம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வருஷா வருஷம் கூடவே இருந்து பார்க்கிறவளுக்குச் சிரிப்பு வராது, வயிறுதான் எரியும்.

நான் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீடு ஊரப்பாக்கத்தில். காலையில் ஊரே சென்னைப் பக்கம் பிதுங்கிக்கொண்டு போகும்போது நான் எதிர்ப்பக்கம் போகிற மின்சார ரயிலில் ஏறுவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். இந்த உத்தியோகத்தில் எனக்கு வாய்த்த சொகுசு அது ஒன்றுதான். சுற்றுலாப் பொறுப்பும் என் தலையில்தான். யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. ஒரு வருஷம் பொறுப்பாசிரியைக்குக் காய்ச்சல் என்று நான் போனேன், அதோடு ஒட்டிக்கொண்டது. இன்றுவரை உரிய மாட்டேன் என்கிறது.

சுற்றுலா என்றால் மாமல்லபுரம். வேறு ஊர் பெயரே எங்கள் பள்ளியில் யார் வாயிலும் வராது. செங்கல்பட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஒரு பஸ் போனால் இன்னொன்று. காணும் பொங்கலுக்கு, மாமா ஊரிலிருந்து வந்ததற்கு, சித்திக்குக் கல்யாணம் நிச்சயமானதற்கு என்று எங்கள் பிள்ளைகள் அங்கே போகாத வருஷம் கிடையாது. வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குகிற மாதிரி ஒரு போட்டோ எல்லார் வீட்டுப் போனிலும் இருக்கும். அந்தச் சிற்பங்களை நான் குறை சொல்லவில்லை. அங்கே இன்னொரு பெரிய பாறையில் செதுக்கியிருக்கும், தவம் செய்கிற பூனையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. ஆனால் அந்தப் பூனையை நின்று பார்க்க எந்த வருஷமும் நேரம் கிடைத்ததில்லை. "வரிசை! வரிசை! அங்க இன்னாடி பேச்சு?" என்று கத்துவதிலேயே என் தொண்டை போய்விடும்.

போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனால்தான் இவ்வளவு கோபம். ஒரு வருஷம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் பஞ்சராகிச் சவுக்குத் தோப்போரம் ஒரு மணி நேரம் நின்றோம். பக்கத்தில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா, வலைக்கண்ணில் விரலை விட்டுக் காட்டி, எந்தக் கண்ணில் எந்த மீன் மாட்டும், எது தப்பிப் போய் வளர்ந்து அடுத்த வருஷம் வரும் என்றெல்லாம் சொன்னார். பிள்ளைகள் அவரைச் சுற்றி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வகுப்புப் பெண்களை இப்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால்கூட, "மிஸ், அந்த பஞ்சரு!" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஐந்து ரதத்தைப் பற்றி இதுவரை ஒருத்தியும் பேசியதில்லை. கட்டுரையில் ரதம்தான் இருந்தது, பஞ்சர் இல்லை.

கட்டுரையை எழுத வைப்பவர் தமிழம்மா. எங்கள் பள்ளியில் தமிழாசிரியையை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். சனிக்கிழமை சுற்றுலா, திங்கட்கிழமை கல்வி அதிகாரி வந்து கட்டுரை நோட்டுகளைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தூங்குவார்களே தவிர எழுத மாட்டார்கள். ஆகவே புதன்கிழமையே தமிழம்மா கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டே போவார். நாற்பத்தைந்து பிள்ளைகளும் எழுதிக்கொண்டே வருவார்கள். முன்னுரை, பயணம், கண்ட காட்சிகள், பயன்கள், முடிவுரை. சன்னலோர இருக்கைக்குப் போட்டி நடக்கும். இருபுறமும் பச்சைப் பசேலென்று வயல்கள் வரவேற்கும். மதியம் மர நிழலில் அமர்ந்து புளியோதரை உண்போம். மனமில்லாமல் வீடு திரும்புவோம். அந்த வயல்களில் பாதி இப்போது கொடி நட்ட வீட்டுமனைகள் என்று நான் ஒருமுறை சொன்னேன். "வீட்டுமனை வரவேற்றதுனு எழுதுனா நல்லாவா இருக்கும், டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 

இந்த வருஷம் நான் ஒற்றைக் காலில் நின்றேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற நிலையம் இருக்கிறது. நாங்கள் முதலைப் பண்ணைக்குப் போகிற வழிதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று அனுமதி கேட்டுக் கடிதம் போட்டேன். பதில் வந்தது. பிற்பகல் இரண்டரை மணிக்கு வாருங்கள், பொறியாளர் ஒருவர் சுற்றிக் காட்டுவார் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை நான் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அதற்குக் காரணம் அந்த வகுப்பில் ஒரு பெண். மூன்றாம் பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். தினமும் முதல் பீரியடுக்குத் தாமதமாக வருவாள், நானும் தினமும் திட்டுவேன். ஒரு நாள் காரணம் கேட்டேன். அவள் ஊர் திருக்கழுக்குன்றம் போகிற வழியில் இருக்கிறது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கொஞ்சம் நிலமும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டு போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணிக்கு இரண்டு தெரு தள்ளிப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அம்மாவுக்கு முதுகுவலி, ஆகவே நிற்பது இவள். குடம் நிறைந்த பிறகுதான் பள்ளிக்கூடம்.

"வீட்ல தண்ணி சுத்தம் பண்ற மெஷின் வைக்கலாமே?" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

"நைனா வேணாங்குறாரு மிஸ். மெஷினு நல்ல தண்ணி குடுத்துட்டு, மிச்ச உப்புத் தண்ணிய வெளிய வுடுமாமே? அத்த நம்ம நெலத்துலதான வுடணும், மண்ணு வீணா பூடும்ங்குறாரு. அப்ப கடல் தண்ணிய சுத்தம் பண்றவங்க அந்த உப்ப இன்னா மிஸ் பண்ணுவாங்க? எங்க போவுது அது?"

கடலுக்கே போகும் என்று சொன்னேன். "அவங்களுக்குக் கடலு கீது. எங்க மாதிரி இருக்கறவங்க எங்க மிஸ் வுடுறது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. எங்கள் பாடப்புத்தகத்துப் படத்தில் உப்பு ஓர் அம்புக்குறியோடு பக்கத்தின் ஓரத்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் அது என்ன ஆனது என்று இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. நெம்மேலியில் பொறியாளரையே கேள் என்று சொன்னேன். அவள் வீட்டில் போய்ச் சொல்ல, அப்பா, "சரி, நீ அங்க போயி கேட்டுகினு வா, அவரு சொல்றத வெச்சி மெஷின் வைக்கலாமா வேணாமானு பாக்கலாம்" என்றாராம். பத்தாம் வகுப்புக்கு எங்கள் பள்ளியில் சுற்றுலா கிடையாது, பொதுத்தேர்வு. இந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

இப்படி இருக்க, புதன்கிழமை அவள் கட்டுரை எழுதவில்லை. தலைப்பை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டாள். தமிழம்மா கேட்டதற்கு, "இன்னும் போவலியே தமிழம்மா" என்றாளாம். திமிராகச் சொல்லவில்லை, அவள் சுபாவம் அப்படி. தமிழம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கட்டுரை எழுதாத பிள்ளை பஸ்ஸில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போய்வந்ததாக எழுதினால்தான் போகலாம்! எங்கே போய் முட்டிக்கொள்வது? அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். அவளுக்காக நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எனக்கு அன்றைக்கு இருபது வேலை. "எழுதித் தொலைடி. எழுதுனாத்தான் வர முடியும். மத்தத அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். அவள் போய் எழுதினாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய பஸ் எட்டே முக்காலுக்குப் புறப்பட்டது. காரணம் ஒரு 'ச்'. பள்ளியின் பெயரோடு பேனர் அடித்து வந்திருந்தது. அதில் 'கல்வி சுற்றுலா' என்று போட்டிருந்தான் அச்சகத்துக்காரன். தமிழம்மா பேனரைப் பிரித்ததும் இடிந்துபோய்விட்டார். "ஒற்று மிகணும் டீச்சர்! போட்டோ அதிகாரிக்குப் போவுது! தமிழ் சொல்லிக் குடுக்குற பள்ளிக்கூடமானு கேக்க மாட்டாரு?" சார்ட் அட்டை தேடி, கத்தரிக்கோல் தேடி, சிவப்பு ஸ்கெட்ச் பேனா தேடி, ஒரு 'ச்' எழுதி வெட்டி ஒட்டினோம். 'கல்வி'க்கும் 'சுற்றுலா'வுக்கும் நடுவில் அதற்கு இடமில்லை. சற்று மேலே தூக்கி ஒட்டினோம். டிரைவர் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னா டீச்சர், ஒரு எழுத்துக்கு இம்மாம் பேஜாரா? நாஸ்தா துன்னுட்டாவது வந்திருப்பேன்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. சுற்றுலா கட்டுரையைப் பின்தொடர்ந்து போனது. கடற்கரைக் கோயில் முதலில், பிறகு ரதம், பிறகு கலங்கரை விளக்கம் என்று எழுதியிருக்கிறதாம், ஆகவே அதே வரிசை. ரதத்துக்குப் பக்கத்திலேயே பஸ்ஸை நிறுத்தியிருந்தும், கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தோம். கலங்கரை விளக்கத்தில் ஏறக் கூட்டம். ஏறாமல் போகலாம் என்றேன். "நாற்பத்தஞ்சு பேரும் ஏறுனதா எழுதியாச்சே!" என்றார். நாற்பத்தைந்து பேரும் ஏறினோம். மதியம் தக்காளி சாதத்தைப் பிரித்ததும் ஒரு குட்டிக் கழுதை, "தமிழம்மா, கட்டுரைல புளியோதரை!" என்று கத்தியது. தமிழம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அப்போது மட்டும் சிரிப்பு வந்தது.

இரண்டேகால் மணிக்கு நெம்மேலி நிலையத்தின் கதவைத் தாண்டி பஸ் போனது. தாண்டித்தான் போனது. ஏனென்றால் கட்டுரையில் முதலைப் பண்ணை முன்னால், நெம்மேலி பின்னால். "நிறுத்துங்க!" என்று நான் எழுந்து கத்தினேன். தமிழம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "பத்தே நிமிஷம் டீச்சர். முதலையப் பாத்துட்டு இதோ வந்துடலாம். அதிகாரி ஒரு பிள்ளைய எழுப்பி, மொதல்ல இன்னாமா பார்த்தனு கேட்டா அது திருதிருனு முழிக்கும். போன தடவை நோட்டு சரியில்லனு எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வெச்சாரு. உங்களுக்குத் தெரியாதா?" தெரியும். அன்று அவர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் டிரைவரைக் கூப்பிடவில்லை. அந்தப் பெண் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கதவு பின்னால் போவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முதலைகள் அசையவே இல்லை. ஏதாவது ஒன்று அசைகிறதா என்று பார்க்கவே பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு பேர் கழிப்பறைக்குப் போய்த் தொலைந்து, தேடிப் பிடித்து, தலையெண்ணி ஏற்றி, நெம்மேலிக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். காவலாளி நல்ல மனுஷர். அவருக்கே எங்களைப் பார்த்துச் சங்கடமாகிவிட்டது.

"இன்னா மேடம் இப்ப வரீங்க? சாரு உங்களுக்கோசரம் மூணேகால் வரைக்கும் உக்காந்துனு இருந்தாரு. லெட்டர்ல ரெண்டரனு போட்டுகீதே. இப்ப வேற வேலையா பூட்டாரு. ஆள் இல்லாம உள்ள வுடக்கூடாது மேடம்."

அவர் மேல் தப்பே இல்லை. தப்பெல்லாம் எங்கள் பஸ்ஸுக்குள் இருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு நிற்கும்போதே தமிழம்மா பேனரைப் பிரித்துவிட்டார். "வந்ததுக்கு ஒரு போட்டோவாவது எடுத்துக்கலாம்." மூடிய கதவுக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பேனரின் ஒரு முனையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்கள். கடற்காற்றில் எங்கள் 'ச்' பிய்த்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் பறந்துபோனது. தமிழம்மா அதைத் துரத்திக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினார்.

திரும்பி வரும்போது அவள் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மனமில்லாமல் வீடு திரும்பினோம் என்று எழுதியிருந்தது, அது மட்டும் உண்மையாகிவிட்டது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். நோட்டுகளைப் புரட்டினார், கையெழுத்துப் போட்டார், டீ குடித்தார், போய்விட்டார். முதலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்துச் சுற்றுலா அறிக்கையைப் படித்தார். நல்ல குரல் அவருக்கு. "நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மாணவியர் இயந்திரங்களை நேரில் கண்டு வியந்தனர். பிரித்தெடுக்கப்பட்ட உப்பு எங்கே செல்கிறது என்று மாணவி ஒருவர் கேட்க, பொறியாளர் அதற்குத் தெளிவாகவும் எளிமையாகவும் விளக்கமளித்தார். பயணமே சிறந்த பாடம் என்பதை உணர்ந்தோம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. அந்த அறிக்கையை எழுதியது நான்.

ஆமாம், நான்தான். அனுமதிப் படிவத்தின் பின்பக்கத்திலேயே 'பெற்ற பயன்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டு பக்கத்தையும் நிரப்பிக் கொடுத்தால்தான் ஃபைல் நகரும், அப்புறம் உங்களைத் தேடிக்கொண்டு நான் அலைய முடியாது என்று எழுத்தர் சொன்னார். வியாழக்கிழமை காலை, ஊரப்பாக்கத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில், எனக்குக் கிடைத்த அந்த சொகுசு இருக்கையில் உட்கார்ந்து எழுதினேன். அவள் கேள்வியைப் போட்டால் அறிக்கைக்கு அழகாக இருக்கும் என்று தோன்றியது. ரசித்து ரசித்துத்தான் எழுதினேன். திங்கட்கிழமை வாங்கித் திருத்திவிடலாம் என்றிருந்தேன், அதிகாரி வந்த களேபரத்தில் மறந்தே போனேன். தமிழம்மாவைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்த எனக்கு இது வேண்டியதுதான்.

கூட்டம் கலைந்ததும் அவள் என்னிடம் ஓடி வந்தாள். முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. கையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருந்தன. எனக்கு இன்றும் அதுதான் உறுத்துகிறது.

"மிஸ், நீங்க அப்பறமா போயி அவரப் பாத்தீங்களா மிஸ்? நான் கேட்டதுக்கு அவரு இன்னா சொன்னாரு? நைனா தெனமும் கேட்டுகினே கீறாரு."

"இல்லம்மா. யாரையும் பாக்கல. பொய்யா எழுதிட்டேன்" என்றேன்.

அவள் நோட்டை மூடினாள். "பரவால்ல மிஸ். நானும்தான எழுதுனேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே நிலையத்துக்கு மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதி, கையெழுத்துக்குத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனேன். அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவையும் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"அதான் போய்ட்டு வந்தாச்சே, டீச்சர். உங்க கையெழுத்து, என் கையெழுத்து, எல்லாம் இருக்கு. கதவுகிட்ட எடுத்த போட்டோவும் இருக்கு. விளக்கம் குடுத்தாங்கனு நீங்களே எழுதியிருக்கீங்க. போன எடத்துக்கே மறுபடி எதுக்குனு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?"

நான் பேனாவை எடுத்தேன். என் அழகான அறிக்கைக்குக் கீழே எழுதினேன்: 'நாங்கள் உள்ளே போகவில்லை. தாமதமாகப் போனதால் கதவு மூடியிருந்தது. மாணவியின் கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை. மேலே உள்ளது நான் முன்கூட்டியே எழுதியது.' தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன்.

"இது மேல போனா உங்களுக்கு மெமோ வரும்" என்றார்.

"வரட்டும் மேடம்."

அவர் அந்த நான்கு வரிகளையும் இன்னொரு முறை படித்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலேயே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மெமோ வந்தது. நிலையத்திலிருந்து பதிலும் வந்தது. அடுத்த சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வரலாம் என்று எழுதியிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்பாவை அழைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு, ஒரு நிமிஷம் தாமதமானாலும் தோலை உரித்துவிடுவேன் என்று மிரட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. சரி மிஸ், சரி மிஸ் என்று தலையாட்டிவிட்டு வாசல் வரைக்கும் ஓடினாள். அங்கே ஏதோ ஞாபகம் வந்து நின்றாள். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்:

"கட்டுரை எப்ப மிஸ் எழுதணும்? இப்பவேவா?"